கணிப்பொறியின் கருவறையில் ஒரு கட்டளைக்கு இடம் எது?

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவைச் சுற்றியும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பாட்டனார் காலத்தில் மளிகை, ஜவுளி, பாத்திரக்கடை என்று வியாபாரம் நடந்தது. அப்பாக்கள் காலத்தில் அரசு உத்தியோகமும் ரயில்வேயும் வந்தன. 1990-இல் கழக்கூட்டத்தின் பக்கத்தில் டெக்னோபார்க் தொடங்கிய பிறகு பேரப்பிள்ளைகள் பலர் கணிப்பொறித் துறைக்குப் போய்விட்டார்கள். "ஆபீஸில் என்ன வேலை?" என்று கேட்டால், "அதெல்லாம் சொன்னால் உங்களுக்குப் புரியாது தாத்தா" என்று பதில் வருகிறது. புரியாத விஷயம் என்று ஒன்று இல்லை. புரியும்படி சொல்ல ஆள் இல்லை என்பதே உண்மை. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற டிப்ளமோக்காரன் என்ற தகுதியோடு, ஒரு சின்ன விஷயத்தை இந்த இதழில் பாடமாகச் சொல்ல முயல்கிறேன்.

விஷயம் இதுதான். லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் உள்ளே, பிணையத் தொடர்புக்குரிய சில கட்டளைகளைக் காத்திராமல் நிறைவேற்றும் நிரல் ஒன்று 2023-இல் சேர்க்கப்பட்டது. அந்த நிரலை எந்தப் பகுதியில் வைப்பது என்று பொறியாளர்கள் விவாதித்தார்கள். முதலில் ஓர் இடம் சொன்னார்கள், பிறகு வேறோர் இடத்தில் வைத்தார்கள், 2025-இல் மறுபடியும் சற்று நகர்த்தினார்கள். இவ்வளவு சிறிய நிரலுக்கு ஏன் இத்தனை யோசனை? அதைப் புரிந்துகொண்டால் பெரிய அமைப்புகளை எப்படிக் கட்ட வேண்டும் என்பதும் புரியும்.

கெர்னல் என்பது யாது?

கணிப்பொறியில் நாம் பயன்படுத்தும் புரோகிராம்கள் வட்டையும் நினைவகத்தையும் பிணைய அட்டையையும் நேரடியாகத் தொட முடியாது. நடுவில் ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் பெயர் கெர்னல். கோயிலில் கருவறைக்குள் எல்லோரும் நுழைவதில்லை. அர்ச்சனைத் தட்டை வாசலில் கொடுக்கிறோம், அர்ச்சகர் உள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறார். அது போல, புரோகிராம் ஒன்று கெர்னலிடம் வேலை சொல்லும் முறைக்கு சிஸ்டம் கால் என்று பெயர். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறிக்குச் சிறிது நேரம் செலவாகும். ஒரு முறைக்கு மிக மிகக் குறைவுதான்; ஆனால் நொடிக்கு லட்சக்கணக்கான முறை என்றால் அது பெருஞ்செலவு.

லினக்ஸ் கெர்னலை 1991-இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். நம் திருவனந்தபுரத்துக்கும் இந்தத் திறந்த மென்பொருள் இயக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்த நகரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணிப்பொறிப் பாடம் படிக்கிறார்கள். நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னலே.

சாக்கெட் என்பது யாது?

ஒரு கணிப்பொறி மற்றொன்றோடு பேச வேண்டுமானால், ஒவ்வொரு முனையிலும் ஒரு இணைப்பு வாய் வேண்டும். அதற்கு சாக்கெட் என்று பெயர். 1983-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் வந்த ஏற்பாடு இன்றுவரை உலகெங்கும் நிலைத்திருக்கிறது. துபாயிலுள்ள மகனோடு பேசுவதானாலும், ரயில் டிக்கெட் எடுப்பதானாலும் எங்கோ ஒரு கணிப்பொறியில் ஒரு சாக்கெட் திறக்கப்படுகிறது.

சாக்கெட்டில் எழுதலாம், படிக்கலாம். இவை தவிர நிர்வாக வேலைகளும் உண்டு. "எனக்கு வந்து படிக்கப்படாமல் எத்தனை பைட் கிடக்கிறது?" என்று கேட்கலாம். "அனுப்பும் வரிசையில் இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்கலாம். "இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே", "இந்த அளவுக்கு இடம் ஒதுக்கு" என்று அமைப்புகளை மாற்றலாம். இப்படிப்பட்ட வேலைகளைத்தான் இங்கே கட்டளைகள் என்கிறோம்.

காத்திருத்தலும் காத்திராமையும்

சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கடை வாசலிலேயே நின்று, அரிசி மூட்டை கட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, வேண்டிய சரக்குகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவது. மூட்டை தயாரானதும் வந்து எடுத்துக்கொள்வது. அனுபவமுள்ள சில்லறைக் கடைக்காரர்கள் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுவார்கள். முதல் வழி ஒத்திசைவு முறை. இரண்டாவது ஒத்திசையா முறை. நாம் எளிமையாகக் காத்திராத முறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

யூனிக்ஸ் உலகில் இதற்குப் பல ஏற்பாடுகள் வந்தன. 1983-இலேயே செலக்ட் என்ற சிஸ்டம் கால் இருந்தது. 2002-இல் லினக்ஸில் ஈபோல் வந்தது. ஆயிரக்கணக்கான சாக்கெட்டுகளைக் கவனிக்க அது மிக உதவியது. ஆனால் ஈபோல் சொல்வதெல்லாம் "உன் மூட்டை தயார்" என்பது மட்டுமே. மூட்டையை எடுக்க மறுபடியும் நாமே வாசலைத் தாண்ட வேண்டும்.

இரண்டு வளையங்கள்

2019-இல் லினக்ஸின் 5.1-ஆம் பதிப்பில் ஜென்ஸ் ஆக்ஸ்போ என்ற பொறியாளர் ஐஓ-யூரிங் என்னும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதன் அமைப்பைக் கவனியுங்கள். புரோகிராமும் கெர்னலும் இருவருமே பார்க்கக்கூடிய நினைவகப் பகுதியில் இரண்டு வளைய வரிசைகள் இருக்கின்றன. முதல் வளையத்தில் புரோகிராம் வேலைச் சீட்டுகளைப் போடும், கெர்னல் எடுக்கும். இரண்டாவது வளையத்தில் கெர்னல் முடிவுச் சீட்டுகளைப் போடும், புரோகிராம் எடுக்கும். ஒவ்வொரு வளையத்திலும் போடுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்பதால் இருவரும் மோதிக்கொள்வதில்லை. பல சீட்டுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டு ஒரே முறை வாசலில் மணியடித்தால் போதும்.

வேலைச் சீட்டு வழக்கமாக 64 பைட் அளவுள்ளது. முடிவுச் சீட்டு 16 பைட். வேலைச் சீட்டில் புரோகிராம் தனக்கு விருப்பமான ஓர் அடையாள எண்ணை எழுதலாம். கெர்னல் அதை மாற்றாமல் முடிவுச் சீட்டில் திருப்பி எழுதிவிடும். ரயில்வே கிளோக் ரூமில் பெட்டிக்குக் கொடுக்கும் சீட்டைப் போன்றது இது. வேலைகள் போட்ட வரிசையிலேயே முடியும் என்ற உறுதி இல்லாததால் இந்த எண் மிக அவசியம்.

இங்கே இளைஞர்கள் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. சீட்டில் "இந்த நினைவகப் பகுதியில் உள்ளதை அனுப்பு" என்று எழுதிவிட்டால், முடிவுச் சீட்டு வரும்வரை அந்தப் பகுதியை அழிக்கவோ வேறு வேலைக்கு எடுக்கவோ கூடாது. வண்டி பிளாட்பாரத்தை விட்டுப் போகுமுன் தண்டவாளத்தைக் கழற்றுவாருண்டா?

கட்டளை என்னும் தனி வகை

படி, எழுது, அனுப்பு, பெறு போன்ற பொது வேலைகளுக்கு ஐஓ-யூரிங்கில் தனித்தனி எண்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதற்கே உரிய விசேஷ வேலைகளும் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொது எண் கொடுத்தால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். ஆகவே 2022-இல் 5.19-ஆம் பதிப்பில் "கட்டளை" என்ற பொதுச் சீட்டு வகை சேர்க்கப்பட்டது. "இந்தச் சீட்டின் உள்ளே இருப்பது இன்னாருடைய பாஷை, அவரிடம் கொடு" என்று பொருள். முதலில் அதைப் பயன்படுத்தியது என்விஎம்ஈ என்னும் அதிவேகச் சேமிப்பு வட்டுப் பிரிவு.

அடுத்து சாக்கெட்டுக்கும் இது வேண்டும் என்ற தேவை வந்தது. வேகம் மட்டும் காரணமன்று. ஐஓ-யூரிங்கில் ஒரு சாக்கெட்டைத் திறந்து, அதை வழக்கமான கோப்பு எண் பட்டியலில் சேர்க்காமல், வளையத்தின் சொந்தப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டு. அப்படிப்பட்ட சாக்கெட்டைப் பழைய சிஸ்டம் கால்களால் தொடவே முடியாது. அதன் அமைப்புகளை மாற்ற வேண்டுமானால் ஐஓ-யூரிங் வழியாகவே ஒரு கட்டளை இருந்தாக வேண்டும்.

இடம் எது?

2023-இல் மெட்டா நிறுவனப் பொறியாளர் பிரெனோ லெய்ட்டாவோ இந்தப் பணியை எடுத்தார். இரண்டு எளிய கட்டளைகளோடு தொடங்கினார்: படிக்கப்படாத பைட்டுகள் எத்தனை, அனுப்பும் வரிசையில் பாக்கி எத்தனை.

முதல் யோசனை: டிசிபி, யுடிபி முதலிய ஒவ்வொரு நெறிமுறையின் நிரலிலும் கட்டளையைக் கையாளும் ஒரு பகுதியைத் தனித்தனியாக வைப்பது. பார்ப்பதற்கு இயல்பாகத் தோன்றும். வரிசையில் எத்தனை பைட் இருக்கிறது என்பது டிசிபிக்குத்தானே தெரியும்? ஆனால் இதே கேள்விகளுக்கு ஐஓசிடிஎல் என்ற பழைய சிஸ்டம் கால் மூலம் பதில் சொல்லும் நிரல் ஒவ்வொரு நெறிமுறையிலும் முன்பே இருந்தது. புதிய பகுதி அதன் நகலாகவே அமைந்தது. நகல் எடுத்தால் என்ன ஆகும்? நாளைக்கு ஒன்றில் பிழை திருத்துவார்கள், மற்றொன்று அப்படியே கிடக்கும்.

பழைய நிரலையே ஏன் பயன்படுத்தக்கூடாது? அதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பழைய நிரல் விடையைக் கண்டுபிடித்ததும், தானே வாசலைத் தாண்டி புரோகிராமின் நினைவகத்தில் எழுதிவிடும். ஐஓ-யூரிங்குக்கு விடை முடிவுச் சீட்டில் வேண்டும். ஆகவே முதலில் வீட்டை ஒழுங்குபடுத்தினார்கள். நெறிமுறை நிரல் விடையைக் கெர்னலுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். அதை வெளியே கொண்டுபோவது வெளிவாசலில் உள்ளவர் பொறுப்பு என்று மாற்றினார்கள். அதன் பிறகு பழைய வாசல், புதிய வாசல் இரண்டும் ஒரே உள்ளறையைப் பயன்படுத்த முடிந்தது. நெறிமுறை ஒவ்வொன்றிலும் புதுப் பகுதி தேவைப்படவில்லை.

இனி மிஞ்சியது, நடுவில் நிற்கும் சிறிய மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. சீட்டைப் பிரித்து, எந்தக் கட்டளை என்று பார்த்து, சாக்கெட் பகுதியை அழைத்து, விடையைத் திருப்பும் செயற்கூறு. அதைப் பிணையப் பிரிவில் வைப்பதா, ஐஓ-யூரிங் பிரிவில் வைப்பதா?

ரயில்வேயில் லெவல் கிராசிங் இருக்கிறதல்லவா? சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் இடம். சாலை வேறு துறையுடையது. ஆனால் கேட்டும் கேட்கீப்பரும் ரயில்வேயுடையவை. ஏன்? வண்டி வரும் நேரம் தெரிந்தவர் ரயில்வேக்காரர். கேட் சிக்னலோடு இணைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. சிக்னல் ஏற்பாடு மாறினால் கேட்டின் ஏற்பாடும் கூடவே மாற வேண்டும். ஆகவே எல்லையில் இருக்கும் ஒரு பொருளை, எதனோடு சேர்ந்து அது அடிக்கடி மாற வேண்டியிருக்குமோ அந்தப் பக்கத்தில் வைப்பதே முறை.

இங்கும் அதே கணக்குத்தான். சீட்டின் வடிவம், முடிவு சொல்லும் முறை, தடைபடாமல் முயன்று பார்க்கச் சொல்லும் கொடிகள் இவையெல்லாம் ஐஓ-யூரிங்கின் உள்விவகாரம். அவை வேகமாக வளர்ந்து மாறுபவை. சாக்கெட் பக்கமோ நாற்பதாண்டு உறுதிப்பட்டது. ஆகவே மொழிபெயர்ப்பாளரை ஐஓ-யூரிங் பக்கம் வைத்தார்கள். சாக்கெட் பிரிவின் செயல் அட்டவணையில் "கட்டளைச் சீட்டு வந்தால் அவரிடம் கேள்" என்று சுட்டும் வரி மட்டும் சேர்ந்தது. பைட் எண்ணும் அறிவு முழுவதும் பிணையப் பிரிவிலேயே இருக்கிறது.

ஒரே சோதனைச் சாவடி

இவ்விரண்டு கட்டளைகளுக்குப் பின் அமைப்புகளைப் பார்ப்பதும் மாற்றுவதுமான கட்டளைகள் வந்தன. இங்கேதான் இடம் பற்றிய கேள்வி பாதுகாப்புக் கேள்வியாக மாறுகிறது.

பழைய சிஸ்டம் கால் வழியாக ஒரு புரோகிராம் சாக்கெட் அமைப்பை மாற்றக் கேட்டால், கெர்னல் அனுமதிச் சோதனை செய்யும். பாதுகாப்புப் பிரிவு "இவருக்கு அனுமதி உண்டா?" என்று பார்க்கும். நிர்வாகி வைத்திருக்கும் வடிகட்டி இருந்தால் அதுவும் பார்க்கும். புதிய வாசல் இந்தச் சோதனைகளைத் தவிர்த்து நேரே உள்ளே போனால் என்ன ஆகும்? முன்வாசலில் காவலர், பின்வாசல் திறந்த வீடு என்ற கதையாகிவிடும்.

ஆகவே அமைப்பை மாற்றும் உள்வேலையையும் அதற்குரிய சோதனைகளையும் சேர்த்து ஒரு தனிச் செயற்கூறாகப் பிணையப் பிரிவில் பிரித்தெடுத்தார்கள். பழைய சிஸ்டம் காலும் புதிய கட்டளையும் அதே செயற்கூறைத்தான் அழைக்கின்றன. சாவடி ஒன்று, வரும் பாதை இரண்டு. மாற்றும் கட்டளை எல்லா நிலைகளுக்கும் வந்தது. பார்க்கும் கட்டளையோ பொதுச் சாக்கெட் நிலைக்கு மட்டும் வந்தது; நெறிமுறைகளின் உள்நிலைகளுக்கு வரவில்லை. அரைகுறையாக எல்லாவற்றையும் கொடுப்பதைவிட, சரியாகச் செய்ய முடிந்ததை மட்டும் கொடுத்தார்கள். பொறியியலில் இது நல்ல பழக்கம்.

2025-இல் வந்த மாற்றம்

2023-இல் இந்த மொழிபெயர்ப்பாளரை ஐஓ-யூரிங்கின் பொதுக் கட்டளைக் கோப்பிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பு எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவானது. அதன் நடுவே சாக்கெட்டுக்கு மட்டும் உரிய வரிகள் இருந்தன. பிணைய வசதியே இல்லாமல் கெர்னலைக் கட்டுபவர்களுக்காக "பிணையம் இருந்தால் இதைச் சேர், இல்லாவிட்டால் விடு" என்ற நிபந்தனை வரிகளும் உள்ளே வேண்டியிருந்தன.

2025-இல் பாவெல் பெகுன்கோவ் என்ற பொறியாளர் சாக்கெட் கட்டளைகளை, ஐஓ-யூரிங் அடைவின் உள்ளேயே தனிக் கோப்புக்கு மாற்றினார். வேலை செய்யும் முறை மாறவில்லை. நிரல் இருக்கும் அறை மட்டும் மாறியது. பிணையம் உள்ள கெர்னலில் அந்தக் கோப்பு முழுதாகச் சேரும். இல்லாததில் முழுதாக விலகும். அதே ஆண்டு, அனுப்பிய பொதி எந்த நேரத்தில் புறப்பட்டது என்ற முத்திரையைப் பெறும் புதுக் கட்டளை ஒன்றும் வந்தது. அதற்கு எங்கே இடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அறை தயாராக இருந்தது.

வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிதன்று. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மஞ்சளும் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தால்தான் அவசரத்தில் கை சரியாகப் போகும்.

இதில் நமக்கு என்ன?

ஒரு கோப்பு இங்கே இருந்தால் என்ன, அங்கே இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கெர்னலில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கூகுள் நடத்துகிறது. அதில் வந்த முறைகளில் 60 சதவிகிதம் ஐஓ-யூரிங்கின் ஓட்டைகளைப் பயன்படுத்தியவை என்று 2023-இல் அந்நிறுவனம் அறிவித்தது. அதன் விளைவாக ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலிகள் ஐஓ-யூரிங்கை அணுகாதபடி தடுத்தது; குரோம் இயக்க அமைப்பில் அதை நிறுத்தியே வைத்தது. நம் வங்கிக் கணக்கும் பென்ஷன் விவரமும் புகைப்படங்களும் உள்ள கருவியின் கதை இது.

வேகத்துக்காகப் புது வாசல் திறக்கும்போது, ஒவ்வொரு வாசலிலும் அதே காவல் இருக்கிறதா என்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். நிரல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால்தான் அதைப் படிக்க முடியும். படிக்க முடிந்தால்தான் பிழை கண்ணில் படும். இடம் பற்றிய விவாதத்தின் பயன் இதுவே.

பாடத்தின் சாரம்

1. ஒரே வேலைக்கு இரண்டு நகல் வைக்காதே. உள்வேலை ஓரிடத்தில் இருக்கட்டும். வாசல்கள் பல இருக்கலாம்.

2. அனுமதிச் சோதனையை வாசலில் வைக்காமல், எல்லா வாசல்களும் கூடும் இடத்தில் வை.

3. எல்லையில் நிற்கும் நிரலை, அது எதனோடு சேர்ந்து அடிக்கடி மாறுமோ அதன் பக்கத்தில் வை.

4. பொதுக் கோப்பில் தனி விஷயம் வளரத் தொடங்கினால் காலத்தே பிரித்துத் தனியறை கொடு.

இளைஞர்களுக்குச் சில கேள்விகள்

அ) வேலைச் சீட்டில் எழுதும் அடையாள எண் இல்லாவிட்டால் புரோகிராமுக்கு என்ன சிக்கல் வரும்?

ஆ) ஈபோலுக்கும் ஐஓ-யூரிங்குக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டைக் கடைத்தெரு உதாரணத்தால் விளக்குக.

இ) உங்கள் அலுவலகத்து மென்பொருளில் ஒரே சோதனையை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறார்களா? இருந்தால் எந்த இடத்தில் ஒன்றாக்கலாம்?

பதில்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். வீட்டில் அப்பாவிடமோ பாட்டியிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்கினால் உங்களுக்கும் விளங்கிவிட்டது என்று பொருள். லினக்ஸின் மூல நிரல் முழுவதும் காசில்லாமல் கிடைக்கிறது. ஐஓ-யூரிங் என்றே பெயருள்ள அடைவில் மேற்சொன்ன சாக்கெட் கட்டளைக் கோப்பும் இருக்கிறது. அளவில் சிறியது; ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வாசித்துவிடலாம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் ஒருவர், நாளை அந்தக் கோப்பில் ஒரு பிழையைக் கண்டு திருத்தி அனுப்பினால் அதைத் தடுக்க எந்தக் கேட்டும் இல்லை.